அப்பாவின் சாயத்தொட்டி, மகளின் கலர் கார்டு

"உன்ற வேலைதான் என்ன கண்ணு?"

திருப்பூரில் இருக்கும் அப்பா, பெங்களூரில் இருக்கும் மகளிடம் நான்கு வருடங்களாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் வருடம், "டிசைன் கம்பெனிங்கப்பா" என்றாள்.

"அப்படீன்னா படம் வரையறதா?"

"இல்லீங்கப்பா. வரையறவங்களுக்கு எதை வரையறதுன்னு சொல்றது."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்குச் சம்பளம் தர்றாங்களா?" என்றார்.

சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா, "டிசைனிங்ல இருக்கா" என்று முடித்துவிடுவார். உடனே அத்தை, "அப்ப என்ற புள்ள கல்யாணத்துக்கு ப்ளவுஸ் டிசைன் பண்ணிக் குடு சாமி" என்பார். ஒரு தடவை தப்பிக்க முடியாமல் நிஜமாகவே வரைந்தும் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு அந்த வீட்டு விசேஷங்களுக்கு எல்லாம் ப்ளவுஸ் அவள் பொறுப்பு.

அவளுடைய விசிட்டிங் கார்டில் 'கிரியேட்டிவ் ரிசர்ச்சர்' என்று இருக்கிறது. துணிக் கம்பெனி, பெயின்ட் கம்பெனி, சோபா செய்பவர், செல்போன் கவர் செய்பவர் என எல்லோரும் காசு கொடுத்துக் கேட்கும் ஒரே கேள்விக்கு அவள் பதில் தேட வேண்டும். இன்னும் 2 வருடம் கழித்து ஜனங்களுக்கு எது பிடிக்கும்?

அதென்ன 2 வருடக் கணக்கு? ஒரு நிறத்தை முடிவு செய்து, நூல் ஆலைக்குச் சொல்லி, துணியாக்கி, சாம்பிள் தைத்து, ஆர்டர் பிடித்து, சாயம் ஏற்றி, கப்பலில் அனுப்பிக் கடையில் தொங்கவிடுவதற்குள் ஒன்றரை வருடத்திலிருந்து 2 வருடம் ஓடிவிடும். கடையில் இன்று நீங்கள் எடுத்துப் பார்க்கும் டி-ஷர்ட்டின் நிறத்தை, உங்களுக்கு அது பிடிக்குமா என்று தெரியாத காலத்திலேயே எங்கோ ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிலர் பேசி முடித்திருக்கிறார்கள்.

'தி டெவில் வேர்ஸ் பிராடா' என்ற 2006-ம் ஆண்டுப் படம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஃபேஷன் எல்லாம் தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று நினைக்கும் உதவியாளரிடம், அவர் போட்டிருக்கும் நீல ஸ்வெட்டரின் நிறம் எந்த மேடையில் தொடங்கி எப்படித் தள்ளுபடித் தொட்டிவரை வந்து சேர்ந்தது என்று முதலாளி விளக்குவார். அந்த நீலத்தின் பெயர் செருலியன். பான்டோன் நிறுவனம் 'ஆண்டின் நிறம்' என்று அறிவிக்கத் தொடங்கியபோது, 2000-ம் ஆண்டுக்கு முதலில் தேர்ந்தெடுத்ததும் அதே செருலியன்தான்.

இந்தத் தொழிலே கொஞ்சம் பழசு. முதல் உலகப் போர் தொடங்கும்வரை அமெரிக்க ஆலைகள் பாரிஸிலிருந்து வரும் நிற அட்டைகளைப் பார்த்துத்தான் சாயம் போட்டன. போரில் அந்தத் தொடர்பும் ஜெர்மனிச் சாயமும் தடைபட்டதும், 1915 வாக்கில் அங்கே ஆலைக்காரர்கள் சங்கம் வைத்துச் சொந்த நிற அட்டை அச்சடித்தார்கள். 1998-ல் லண்டனில் டபிள்யூ.ஜி.எஸ்.என். வந்தபிறகு அந்த அட்டை இணையத்துக்கு மாறியது. இந்தியாவில் ஜவுளி அமைச்சக ஆதரவோடு நிஃப்ட் நடத்தும் 'விஷன்நெக்ஸ்ட்', 2024 செப்டம்பரில் 'பரிதி 24x25' என்ற ட்ரெண்ட் புத்தகத்தை வெளியிட்டது. வெள்ளைக்காரன் குளிருக்குச் சொல்லும் நிறத்தை நம்மூர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எதற்குப் போடுவது என்ற கேள்விக்கு இப்படி ஒரு பதில் வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அவளுடைய நாளில் பாதி, நாற்காலியில் கழியும். சினிமா, பட்ஜெட், வாடகை, வெயில், பள்ளிக்கூட ஃபீஸ் என எல்லாவற்றையும் படிக்க வேண்டும். கையில் காசு குறைந்தால் ஜனங்கள் அழுக்கு தெரியாத நிறத்துக்குப் போவார்களா, இல்லை இருக்கிற கொஞ்சத்தில் பளிச்சென்று ஒன்றை வாங்குவார்களா? இரண்டும் நடக்கும். எது எங்கே நடக்கும் என்று சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

மீதிப் பாதி தெருவில். பெங்களூரு சிக்பேட், சென்னை ரங்கநாதன் தெரு, ஏதாவது ஒரு ஊரின் பேருந்து நிலையம். பூக்கார அம்மா கூடைமேல் என்ன துணி போர்த்தியிருக்கிறார், காலேஜ் பையன் செருப்புக்குள் என்ன சாக்ஸ் போட்டிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே நடப்பாள். ஒன்றை ஒரு தடவை பார்த்தால் சும்மா. இரண்டாவது தடவை தற்செயல். சம்பந்தமே இல்லாத மூன்றாவது இடத்தில் பார்த்தால் நோட்டில் ஏறும். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டுத்தான் எடுப்பாள். பாதிப் பேர் "எதுக்கும்மா?" என்பார்கள். அவர்களுக்கும் சரியான பதில் இதுவரை கிடைத்ததில்லை.

வீடுகளுக்கும் போவதுண்டு. அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லி, "இதுல ரொம்ப நாளா போடாம இருக்கறது எது?" என்று கேட்பது அவள் பழக்கம். அடிக்கடி போடுவதில் தேவை தெரியும். வாங்கிவைத்தும் போடாமலிருப்பதில்தான் ஆசை தெரியும் என்பது அவள் கட்சி. ஓய்வுபெற இன்னும் சில வருடங்கள் இருந்த ஓர் ஆசிரியை வீட்டில், முன்வரிசை முழுக்க அடர் நீலம், அடர் பழுப்பு, கறுப்பு. சாக்பீஸ் தூசியும் பஸ் அழுக்கும் ஒன்றும் பண்ணாது. பின்னால், விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் வெளிர் மஞ்சளில் ஒரு லினன் குர்தா. "ரிட்டையர் ஆனதும் போட்டுக்கலாம்னு..." என்றார். அந்த வருட அறிக்கையில் வெளிர் மஞ்சளுக்கு ஒரு பக்கம் கிடைத்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

எல்லாவற்றையும் இந்தத் தொழில் முன்கூட்டிச் சொல்லிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகும் உடையை எந்த நிபுணரும் அறிக்கையில் எழுதியதாகத் தெரியவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அதைவிட ஆழமாக ஊன்றிய ட்ரெண்ட் எது? 2020-க்கு 'கிளாசிக் ப்ளூ' என்று 2019 டிசம்பரில் அறிவித்தார்கள். நிறம் சொன்னவர்கள் யாருக்கும் கிருமி வரப்போவது தெரியாது. சில மாதங்களில் உலகமே கதவைச் சாத்திக்கொண்டு, கையில் கிடைத்த டிராக் பேன்ட்டோடு உட்கார்ந்தது.

இந்த வேலைக்கான நேர்காணலில், "நீங்கள் கவனித்த முதல் ட்ரெண்ட் எது?" என்று கேட்டார்கள். மற்றவர்கள் மிலன், டோக்கியோ என்று சொல்லியிருக்கலாம். அவள் சாக்கடையைச் சொன்னாள்.

அப்பா சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் நொய்யலுக்குப் போகும் ஒரு வாய்க்கால். ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் நீலமாக ஓடும். நாளைக்கு என்ன கலர் என்று பிள்ளைகளுக்குள் பந்தயம், தேன்மிட்டாய் வைத்து. அவள்தான் அதிகம் ஜெயிப்பாள். அப்பாவின் நகக்கண்ணில் முந்தின நாள் ராத்திரி என்ன நிறம் ஒட்டியிருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்வாளே! வாய்க்காலில் ஓடிய நிறம் சில மாதம் கழித்து காதர்பேட்டையில், ஏற்றுமதியில் கழிந்த பனியன்களாகக் கட்டுக்கட்டாய்க் குவிந்திருக்கும். பச்சை ஓடினால் பச்சை வரும். யாரும் சொல்லித் தராமலே அவளுக்கு அது பிடிபட்டது.

நேர்காணலில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். வேலையும் கிடைத்தது. அந்த வாய்க்காலின் மிச்சக் கதையை அங்கே அவள் சொல்லவில்லை.

அந்தத் தண்ணீர் போய்த் தேங்கிய இடம் ஒரத்துப்பாளையம் அணை. கீழே இருந்த நிலமும் கிணறும் கெட்டு, விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாதபடி செய்தால்தான் திறக்கலாம். அப்போது அவளுக்கு 12 வயது. நகத்தில் எந்த நிறமும் இல்லாமல் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். கொஞ்ச நாள் மாமாவின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டினார். வாய்க்கால் நிறம் மாறிவிட்டதை அவள் உற்சாகமாக வந்து சொல்ல, அம்மா அவளை அடித்தார். எதற்கு அடி விழுந்தது என்று விளங்கவே சில வருடங்கள் ஆயின.

இப்போது அப்பா மறுபடி பட்டறையில் இருக்கிறார். கழிவுநீரைச் சுத்தப்படுத்தி, உப்புக்கரைசலையும் மீட்டு மறுபடி தொட்டிக்கே அனுப்புகிறார்கள். அப்படியும் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்று தெரியாமல் மூட்டை கட்டி அடுக்கிவைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்குக் கண் அப்படி. அவள் ஐந்தாவது படிக்கும்போது புது யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வந்து நின்றதும், "பாக்கெட் வேற லாட்டு" என்றார். வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. பட்டறையில் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. ஒரு ஸ்விட்சைப் போட்டால் பகல் வெளிச்சம், இன்னொன்றைப் போட்டால் வெளிநாட்டுக் கடையின் ட்யூப்லைட் வெளிச்சம். பகலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி, கடை வெளிச்சத்தில் அண்ணன் தம்பி ஆகிவிடும். பெட்டியில் வைக்கும் முன்பே எது மாறும் என்று அப்பா சொல்லிவிடுவார்.

பையரிடமிருந்து அவருக்கு நிறம் வருவது எண்ணாகத்தான். பருத்தித் துணிக்கான பான்டோன் எண்ணில் முதல் 2 இலக்கம் அடர்த்தி. 11 என்றால் வெள்ளைக்குப் பக்கம், 19 என்றால் கறுப்புக்குப் பக்கம். அடுத்த 2 எந்த நிறக் குடும்பம், கடைசி 2 எவ்வளவு பளிச் என்பதைச் சொல்லும். கிளாசிக் ப்ளூ 19-4052. 2024-ன் 'பீச் ஃபஸ்' 13-1023. மகள் இந்த எண்ணுக்குக் கதை எழுதுவாள். 'நிதானம்', 'அம்மாவின் பழைய பட்டு', 'மழைக்கு முந்தைய நிமிடம்' என்றெல்லாம் தலைப்பு வைப்பாள். அப்பா அதே எண்ணை வேறு மாதிரி படிப்பார்.

"19-ன்னு ஆரம்பிச்சா உப்பு மூட்டை கண்ணு."

பருத்தி சாயத்தை இழுத்துக்கொள்ள உப்பு வேண்டும். அடர் நிறமென்றால் லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் வரைகூடப் போகும். வெளிர் நிறத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். துணியில் ஒட்டாத சாயத்தை அலசி எடுக்கத் தண்ணீரும் அதற்கேற்ப ஏறும். 2026-க்கு 'கிளவுட் டான்ஸர்', 11-4201 என்று கிட்டத்தட்ட வெள்ளையையே அறிவித்தபோது, அப்பாவுக்கு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துப் போன் செய்தாள். "வெள்ளை சும்மா வந்துருமா? கிரே துணியை ப்ளீச் பண்ணோணும், அப்புறம் வெளுப்பு ஏத்தோணும். அதுக்கும் தண்ணிதான்" என்று சிரித்தார்.

இந்த இடத்தில்தான் அவளுக்கு வேலை கசக்க ஆரம்பித்தது. ஒரு குளிர்கால அறிக்கைக்கு நிறங்கள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முதன்முறையாக அவளிடம் வந்தது. ஆறு மாதம் அலைந்து சேர்த்த படங்கள், குறிப்புகள் எல்லாம் அடர்ந்த ஒரு சிவப்பையே காட்டின. பீட்ரூட் வெந்த தண்ணீர் போல ஒரு சிவப்பு. சந்தேகமே இல்லை, 19-ல் தொடங்கும் எண்.

அறிக்கையில் ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் அது எவ்வளவு உப்பும் தண்ணீரும் கேட்கும் என்று ஒரு வரி போடலாமா என்று மீட்டிங்கில் கேட்டாள். மேலாளர் கோபப்படவில்லை. "நம்மிடம் வருபவர்கள் ஆசையைத் தெரிந்துகொள்ள வருகிறார்கள். உப்புக்கணக்கு அவர்கள் ஆலையில் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் ஆலையில் உப்புக்கணக்கு பார்க்கும் ஆள் யார் என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று ராத்திரி கோப்பைத் திறந்து, அந்தச் சிவப்பை ஒரு படி இறக்கினாள். 19-ஐ 18 ஆக்கினாள். அவ்வளவுதான். யாரும் கவனிக்கவில்லை. அறிக்கை போய்விட்டது.

கணிப்பது என்பது இருப்பதைச் சொல்வதா, இருக்க வேண்டியதைச் சொல்வதா? இந்தத் தொழிலில் இரண்டுக்கும் நடுவில் சுவர் மிக மெல்லியது. அறிக்கையைக் காசு கொடுத்து வாங்கிய பத்து கம்பெனியும் அதே சிவப்பைப் போட்டால் கடையெல்லாம் அந்தச் சிவப்பாகத்தான் இருக்கும். பிறகு, "பார்த்தீர்களா, சொன்னது பலித்தது!" என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படியிருக்க, பலிக்கப்போவதைக் கொஞ்சம் வெளிரச் செய்தால் என்ன குற்றம் என்று தனக்குத்தானே வாதாடினாள். ஆனாலும் அந்த ஆறு மாதத்தில் அவள் பார்த்த ஒருவர்கூட அந்த வெளிர் சிவப்பைப் போட்டிருக்கவில்லை. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாள். அதை எந்த வாதமும் மறைக்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அந்தக் கலர் கார்டைக் கொண்டுவந்தாள். சின்னச் சின்னத் துணித்துண்டு ஒட்டிய அட்டை. பெயரும் எண்ணும் பின்பக்கம். அப்பா அதை வாசலுக்கு எடுத்துக்கொண்டுபோய், வெயில் நேராகப் படாத இடமாகப் பார்த்து நின்றார். ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டே வந்தவர், சிவப்பில் நின்றார்.

"இது மத்ததோட சேரலியே கண்ணு."

"ஏனுங்கப்பா?"

"மத்ததெல்லாம் ஒரே பாரம். இது மட்டும் கொஞ்சம் ஏறித் தெரியுது. ஆரோ கை வெச்சிருக்காங்க."

ஒரு சீசன் முழுக்க ஓர் அலுவலகமே பார்க்காததை அவர் வாசலில் நின்றபடி ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டார். அவள் சொல்லிவிட்டாள். வாய்க்கால், அம்மா அடித்தது, திண்ணை, உப்பு எல்லாம் சேர்த்து, கொஞ்சம் அழுகையோடும்.

அப்பா உருகிப்போய்விடுவார் என்று எதிர்பார்த்திருந்தால் அது அவள் தப்பு.

"கூலி எப்படிப் போடறாங்கன்னு தெரியுமா உனக்கு? கிலோக் கணக்கு. வெளிர் ஷேடுக்கு ஒரு ரேட்டு, அடர் ஷேடுக்கு ஜாஸ்தி ரேட்டு. 19 வந்தாத்தான் பட்டறைக்கு நாலு காசு நிக்கும். அந்தக் காசுலதான் தண்ணி சுத்தம் பண்ற மிஷினுக்குக் கரண்ட் பில்லு கட்டறாங்க. எனக்கு வேண்டித்தான் மாத்துனேன்னு சொல்றே... எனக்கு வேணும்னா 19-தான் போட்டிருக்கோணும்."

அவளுக்குப் பேச்சு வரவில்லை. அப்பா அட்டையைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். தலையாட்டிக்கொண்டார்.

"பையர் கேக்கறதை மாத்தறதுக்கு நீ ஆரு, நான் ஆரு. தெரியாம கேக்கறாங்கன்னா, தெரியப்படுத்து. நிறத்துல பொய் சொல்லாத. மத்தது உன்ற இஷ்டம்."

உள்ளே போய்விட்டார். அம்மா பொங்கல் பானையைத் துலக்கிக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் நல்ல நாள்லயும் கலர் பேச்சுதானா?" என்றார்.

அடுத்த அறிக்கையில் அவள் 19-ஐ 19 என்றே போட்டாள். அதோடு, மேலாளரிடம் மன்றாடி ஒரே ஒரு பக்கம் வாங்கினாள். 11-லிருந்து 19 வரை போகப்போக உப்பு எப்படி ஏறும், எத்தனை அலசல், ஓர் அடர் நிறத்துக்குப் பதில் அதன் பக்கத்து வெளிர் நிறத்தை எடுத்தால் என்ன மிச்சம் என்று ஒரு பட்டியல். நன்றி தெரிவிக்கும் பக்கத்துக்கும் பின்னால், கடைசியில் போட்டார்கள். அதைப் பற்றி வாடிக்கையாளர்கள் யாரும் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பக்கத்தை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். லேபில் இருக்கும் கெமிஸ்ட் பையனைப் படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். ராத்திரி ஒன்பதரைக்குப் போன் வந்தது.

"அடர் செவப்புக்கு ஒரு சோப் வாஷ்னு போட்டிருக்கே?"

"ஆமாங்கப்பா."

"பத்தாது. ரெண்டு போடோணும். இல்லீன்னா தொவைக்கறப்ப வெள்ளைத்துணில இறங்கிரும். அதைத் திருத்து மொதல்ல."

அவள் மடிக்கணினியை மறுபடி திறந்தாள்.